ஓபர்லினா, மவுண்ட் ஹோலியோக்கா? துணி துவைத்தது யார் என்று பார்த்தேன்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாணவியர் வாழ்க்கை பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஏதாவது ஒரு கல்லூரியைப் பற்றித்தான் உருப்படியாகப் பேச முடியும். ஒஹாயோவின் ஓபர்லினா, மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹோலியோக்கா என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் மவுண்ட் ஹோலியோக்கைத்தான் எடுத்தேன். 1840-களில் கையில் காசில்லாத ஒரு விவசாயி மகளாக இருந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சாதனைக் கணக்கு பார்த்தால் ஓபர்லினுக்குத்தான் மார்க். 1833-ல் தொடங்கி, 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்தார்கள். 1837-ல் ஆண்களுக்கான அதே பட்டப்படிப்பில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். 1841-ல் அவர்களில் மூவர் பட்டம் வாங்கினார்கள். மவுண்ட் ஹோலியோக் 1837-ல் திறந்தபோது அது வெறும் செமினரி, அதாவது பெண்களுக்கான மேல்படிப்புப் பள்ளி. கல்லூரி என்ற பெயர் வர 1888 ஆயிற்று. ஜெபம், மணியடித்தால் எழுவது, மணியடித்தால் படுப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. அதில் பேச ஒன்றுமில்லை.

என்னைத் திருப்பியது துணிமூட்டை. ஓபர்லினில் திங்கட்கிழமை பெண்களுக்கு வகுப்பு கிடையாது, துவைக்கிற நாள். தங்கள் துணியோடு, கூடப் படிக்கும் ஆண்களின் துணியையும் துவைத்தார்கள். கிழிசல் தைத்ததும், சாப்பாட்டு மேசையில் பரிமாறியதும் அவர்கள்தான். ஆண்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. உடலுழைப்பு அங்கே எல்லோருக்கும் விதி, அவர்கள் வயலில் வேலை பார்த்தார்கள். ஆனால் எந்தப் பையனும் ஒரு பெண்ணின் பாவாடையைத் துவைத்ததாக நான் படித்ததில்லை. பின்னாளில் பெண்ணுரிமைக்குப் போராடிய லூசி ஸ்டோன் அங்கே மணிக்கு மூன்று சென்ட் கூலிக்குப் பாத்திரம் கழுவினார், எதிரே கிரேக்கப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு. 1847-ல் படிப்பு முடிந்தபோது பட்டமளிப்பு விழா உரையை அவர் எழுதலாம், மேடையில் ஓர் ஆண்தான் வாசிப்பார் என்றார்கள். அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

மவுண்ட் ஹோலியோக்கிலும் வேலை உண்டு. சொல்லப்போனால் வேலைக்காரர்களே இல்லாமல் நடந்த இடம் அது. சமையல், துவையல், பெருக்கல் எல்லாவற்றையும் மாணவியரே பங்குபோட்டுக்கொண்டார்கள், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம். வீட்டுவேலை கற்றுக்கொடுக்கவா பள்ளி நடத்துகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் நிறுவனர் மேரி லியான் இல்லை என்றே சொன்னார். அதை வீட்டில் அம்மா கற்றுத்தருவாள். அவருடைய கணக்கு செலவுக் கணக்கு. சம்பளச் செலவு மிச்சமானதால்தான் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலரில் முடிந்தது. கழுவிய தட்டு தாங்கள் சாப்பிட்ட தட்டு. விடுதியில் நான்கு வருடம் என் தட்டை நானே கழுவியவள் நான், இதன் அருமை எனக்குத் தெரியும்.

1847-ல் அங்கே வந்து சேர்ந்த பதினாறு வயது எமிலி டிக்கின்சனுக்கு, பின்னாளில் பெரிய கவிஞர் என்று பெயரெடுத்தவருக்கு, கிடைத்தது கத்தி வேலை. காலையும் மதியமும் முதல் வரிசை மேசைகளிலிருந்து கத்திகளை எடுத்துப் போகவேண்டும். இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைக்கவேண்டும். இது ஒன்றும் கஷ்டமில்லை என்று தோழிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் எமிலி ஒரு வக்கீல் மகள், வீடும் பக்கத்து ஆம்ஹர்ஸ்ட்டில்தான். அறுபது டாலர் புரட்டவே திண்டாடிய பெண்ணுக்கு அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்தக் கடிதத்தைச் சாட்சி வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

லூசி ஸ்டோன் விஷயம்தான் என் கட்சிக்கு இடிக்கிறது. ஓபர்லினுக்கு முன்னால் 1839-ல் சில மாதம் மவுண்ட் ஹோலியோக்கில் இருந்தவர் அவர். அடிமைமுறையை எதிர்த்த பத்திரிகையை வாசிப்பறையில் கொண்டுபோய் வைத்ததற்கு மேரி லியான் கண்டித்தார். அக்கா இறந்துபோக, வீட்டுக்குத் திரும்பினார். நாலு வருடம் கழித்துப் படிக்கக் கிளம்பியபோது போன இடம் ஓபர்லின். 1862-ல் பி.ஏ. முடித்த கறுப்பினப் பெண் மேரி ஜேன் பேட்டர்சனும் ஓபர்லின்தான். அவர் இடத்தில் நான் இருந்தால் துணிமூட்டையைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டேன்.

பேசி முடித்ததும் பின்வரிசை அக்கா ஒருவர் கேட்டது, "கத்தி கழுவுன பிள்ளைக்குச் சாப்பாடு என்னம்மா போட்டாங்க?" நல்லவேளை, அண்ணனுக்கு எமிலி எழுதிய கடிதத்தில் ஒருநாள் மதியச் சாப்பாடு முழுக்க இருக்கிறது: வறுத்த கன்றிறைச்சி, உருளைக்கிழங்கு, பூசணி, குழம்பு, ரொட்டி, வெண்ணெய், மிளகு, உப்பு, ஆப்பிள் கொழுக்கட்டை. அதுவே சில வருடம் முந்தி ஓபர்லினாக இருந்திருந்தால், இறைச்சி, தேநீர், காபி எதுவும் ஆகாது என்ற கிரகாம் பத்தியம், 1841-ல்தான் கைவிட்டார்கள். அந்தப் பத்தியத்தில் மிளகும் கூடாது என்றேன். "மிளகு கூடவா?" என்றார் அக்கா.