கிளட்ச் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, நேரே மாற்றிவிடுவதா?

போன ஐப்பசி மழையில் ஒரு காலை. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் முனகக்கூட இல்லை. கிளட்சை ஓங்கி ஓங்கி மிதித்ததில் ஐந்தாவது தடவை எடுத்தது. பேட்டரிதான் என்று அதைப் பார்த்தால் 12.6 வோல்ட், குறையே இல்லை. அடுத்த ஒரு மாதம் இதே கூத்து. அந்த ஒரு மாதத்தில் கீழே சொல்லும் மூன்று வழியிலும் போய்வந்துவிட்டேன், தப்பான வரிசையில்.

கிளட்ச் மிதித்திருக்கிறதா என்று ஈசியுவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சாரின் வேலை. 'மிதிக்கவில்லை' என்று அது சொன்னால் பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றாது. 'மிதித்தபடியே இருக்கிறது' என்று சொன்னால் குரூஸ் கன்ட்ரோல் ஒத்துழைக்காது, சிக்னலில் நின்றால் இன்ஜினைத் தானே அணைக்கும் ஐடில் ஸ்டாப்பும் குழம்பும். சென்சார் என்று பொதுவாகச் சொன்னாலும் நிறைய வண்டிகளில் இருப்பது பெடலுக்கு மேலே இரண்டு வயரோடு நிற்கும் சாதாரண ஸ்விட்ச். மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தத்தை வைத்துப் பெடலின் நிலையை உணரும் சென்சார்.

ஸ்கேனரை எல்லோருக்கும் தெரியும். வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டி போனில் பார்க்கும் டாங்கிள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எனக்கு பி0830 என்ற கோளாறு கோட் காட்டியது, அதாவது கிளட்ச் பெடல் ஸ்விட்ச் சர்க்யூட்டில் கோளாறு. பி0704, பி0805 எல்லாம் இதே குடும்பம். இதில் 'சர்க்யூட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. ஸ்விட்ச், கனெக்டர், வயர், கிரவுண்ட் (எர்த்) என்று அந்தப் பாதையில் எது கெட்டாலும் அதே கோட் விழலாம். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பெரிய ஸ்கேனர் வேறு ரகம். பெடலை மிதிக்க மிதிக்க ஈசியுவுக்கு என்ன தெரிகிறது என்று லைவ் டேட்டாவில் காட்டும். அங்கே ஆன், ஆஃப் ஒழுங்காக மாறினால் ஸ்விட்சை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் ரிலே பக்கம் போகலாம். அந்த வசதி கைவசம் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். என் மலிவு டாங்கிளில் கிளட்ச் நிலை என்ற வரியே வரவில்லை.

அடுத்தது, மெக்கானிக் சொல்லும் 'புதுசு போட்டுப் பார்த்துடலாம்ணா'. கோட் வந்துவிட்டதே என்று நானும் தலையாட்டினேன். ஸ்விட்ச் 1,150 ரூபாய், கூலி தனி. மாற்றியதும் வண்டி சொன்னபடி கேட்டது. பதினைந்து நாள் கழித்து, மறுபடி ஒரு மழைநாள், மறுபடி அதே மௌனம்.

அந்தப் பதினைந்து நாள்தான் என்னை ஏமாற்றியது. ஸ்விட்ச் மாற்ற வேண்டுமானால் கனெக்டரைக் கழற்றி மாட்டியாக வேண்டும். உள்ளே உலோகப் பின் தளர்ந்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ, கழற்றி மாட்டும் உரசலிலேயே அது கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிடும். பழைய ஸ்விட்சையே திரும்ப மாட்டியிருந்தாலும் வண்டி எடுத்திருக்கும். நாமோ பழி பழைய ஸ்விட்ச் மேல், புகழ் புது ஸ்விட்ச் மேல் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். மாற்றிப் பார்க்கும் வழியில் பணம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோளாறு கனெக்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கு அது பதிலே சொல்லாது, சொன்னது போல நடிக்கும்.

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது மல்டிமீட்டர். 700 ரூபாய் மீட்டரே போதும். முதலில் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக் சமாச்சாரம். இரண்டு வயர் ஸ்விட்ச் என்றால் கனெக்டரைக் கழற்றி, ஸ்விட்சின் இரண்டு கால்களிலும் மீட்டரின் புரோபை வைத்து கன்டின்யூட்டி, அதாவது உள்ளே இணைப்பு தொடர்கிறதா என்று பாருங்கள். மிதித்தால் பீப் வரும், விட்டால் நிற்கும். சில வண்டிகளில் தலைகீழ். ஒரு தடவை வந்ததோடு விடாமல் மெதுவாக இருபது தடவையாவது மிதிக்க வேண்டும், தேய்ந்த ஸ்விட்ச் நடுவில் ஒன்றிரண்டு முறை கோட்டைவிடும். என் பழைய ஸ்விட்ச் இருபதுக்கு இருபது வாங்கியது. வயிறு எரிந்தது.

பிறகு வயர் பக்கம். இக்னிஷன் ஆன், கறுப்புப் புரோப் பாடியில், சிவப்பு கனெக்டரின் ஒவ்வொரு பின்னிலும். ஏதாவது ஒன்றில் 12 அல்லது 5 வோல்ட் வர வேண்டும். சில வண்டிகளில் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தால்தான் வரும், அது தெரியாமல் ஃபியூஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டெஸ்ட் லாம்பும் வேண்டாம், அது இழுக்கும் கரண்ட்டை ஈசியு தாங்காமல் போகலாம்.

கடைசியாகச் செய்ததுதான் என் வண்டியில் குட்டை உடைத்தது. கனெக்டரை மாட்டிவிட்டு, வயர் நுழையும் பின்பக்கமாக இரண்டு குண்டூசிகளை மெல்ல நுழைத்து அவற்றுக்கு இடையே வோல்டேஜ் பார்த்தேன். மகன் கிளட்சை மிதித்துப் பிடித்திருந்தான். ஸ்விட்ச் மூடியிருக்கிறது, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. வயர்க்கட்டை லேசாக ஆட்டினேன், 12க்குத் தாவியது. விட்டால் பூஜ்யம், ஆட்டினால் 12. கனெக்டருக்குள் ஒரு டெர்மினல் வாய் அகன்று கிடந்தது. சுத்தம் செய்து ஊசி முனையால் நெருக்கிவிட்டேன், செலவு ஏதுமில்லை. அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டது.

ஹால் வகையில் என் அனுபவம் நண்பர் ஒருவரின் வண்டியோடு சரி. அதில் கன்டின்யூட்டி பார்ப்பது வீண். சப்ளையும் கிரவுண்டும் வருகிறதா, மிதிக்கும்போது சிக்னல் வயரில் வோல்டேஜ் மாறுகிறதா என்று கனெக்டர் மாட்டிய நிலையில்தான் பார்க்க வேண்டும். இங்கே வயரிங் படம் கையில் இல்லாமல் இறங்க நான் துணிய மாட்டேன்.

மீட்டரை எடுப்பதற்கு முன்பே குனிந்து பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. கனமான மேட் பெடலுக்கு அடியில் சுருண்டு முழு மிதியைத் தடுக்கலாம். பெடல் தண்டில் ஸ்விட்சின் முனையை அழுத்தும் சின்ன ரப்பர் பொத்தான் சில வண்டிகளில் நாள்பட்டு பொடிந்து உதிரும். மேட்டில் துணுக்குகள் கிடந்தால் விடை அதுவே.

இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து 'டைரக்ட்' கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கியரில் நிற்கும் வண்டி சாவி திருப்பியதும் எதிரில் நிற்பவர் மேல் பாய்வதற்கு அது போதும். வாரண்டி பாக்கி இருக்கும் வண்டி என்றால் குண்டூசியும் வேண்டாம், சர்வீஸ் சென்டரில் விட்டு, மாற்றுவதற்கு முன் கனெக்டரை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.