வளைவுத் தையலுக்கு மரத்தூள் திண்டு: வீட்டில் செய்து, வருடக்கணக்கில் பயன்படுத்திய அனுபவம்

பிரின்சஸ் கட் பிளவுஸ், அதாவது மார்பின் வழியாக மேலிருந்து கீழ்வரை வளைந்த தையல் வரும் பிளவுஸ், தைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அளவெல்லாம் சரியாகத்தான் வெட்டியிருப்போம், தையலும் நேராகத்தான் வந்திருக்கும். ஆனால் போட்டுப் பார்த்தால் மார்பு வளைவில் தையல் கோடு நெளிந்து நிற்கும், டாட் (துணியைக் கூராக மடித்துத் தைக்கும் பிடிப்பு) முனையில் சின்னக் குமிழ் ஒன்று எழும்பியிருக்கும். பெரும்பாலும் கோளாறு இஸ்திரியில்தான். வளைவாகத் தைக்கும்போது துணிக்கு ஒரு மேடு கிடைக்கிறது. அதைத் தட்டையான மேசையில் வைத்துத் தேய்த்தால் மேடு அமுங்கி, பக்கத்தில் மடிப்பாகப் போய் விழுகிறது.

அந்த மேட்டுக்கு அடியில் அதே வளைவோடு கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும். கோட்டு தைக்கும் டெய்லர்கள் இதற்கென்றே முட்டை வடிவத்தில் ஒரு திண்டு வைத்திருப்பார்கள். டெய்லர்ஸ் ஹாம் என்ற பெயரில் கடையிலும் கிடைக்கிறது. நான் வீட்டிலேயே ஒன்று செய்துகொண்டேன். சில வருடங்களாக பிளவுஸ், சுடிதார் டாப், குழந்தைகள் கவுன், சட்டைக் காலர் எல்லாம் அதன்மேல் வைத்துத்தான் தேய்க்கிறேன். மெஷினும் கத்தரிக்கோலும் போக ஒரே ஒரு சாமான்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்தத் திண்டைத்தான் எடுப்பேன்.

இதில் முக்கியமானது உள்ளே என்ன அடைக்கிறோம் என்பதுதான். முட்டை வடிவம் கொஞ்சம் கோணலாக வந்தாலும் வேலை நடக்கும். தப்பான பொருளை அடைத்தால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பயனில்லை. தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு, இஸ்திரிப் பெட்டி பட்டதும் அமுங்கும், எடுத்ததும் எழும்பும், ஆவியை உறிஞ்சவே செய்யாது. இலவம் பஞ்சும் அப்படித்தான் எழும்பிக்கொள்ளும். உமி மொறமொறவென்று குத்தும். தவிடு அடைத்தால் வண்டு வந்துவிடும். மணல் உறிஞ்சாது, தூக்கவும் முடியாத கனம். இவற்றோடு ஒப்பிட்டால் மரத்தூள்தான் கெட்டியாகவும் அமர்கிறது, ஆவியையும் வாங்கிக்கொள்கிறது. துணியில் இருக்கும் ஈரம் கீழே இறங்கிவிடுவதால் மேலே துணி சீக்கிரம் காய்ந்து, வளைவு அப்படியே பிடித்துக்கொள்ளும்.

மரத்தூளிலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இழைப்புளியில் இருந்து வரும் சுருள் உதவாது, வாளில் அறுக்கும்போது விழும் நைஸான தூள் வேண்டும். நான் போய்க் கேட்டபோது பட்டறை ஆசாரி, “பிளைவுட் தூள் வேணாம்மா, பசை கலந்திருக்கும், சூடு பட்டா நாத்தம் வரும்” என்று சொல்லி, மாமரம் அறுத்த தூளைத் தனியாக அள்ளிக் கொடுத்தார். அது நல்லதாகப் போயிற்று. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஆவி பட்டால் வெளிர் துணியில் கறை ஏறும் ஆபத்து இருக்கிறது. பைன் மரத்தில் பிசின் இருக்கும். வெளிறிய, பிசினில்லாத மரமாகக் கேட்டு வாங்குங்கள். கொண்டுவந்ததும் சல்லடையில் சலித்துச் சிராய்களை எடுத்துவிட்டு, நல்ல வெயிலில் இரண்டு நாள் பரப்பிக் காயவைக்க வேண்டும். இந்த அளவுத் திண்டுக்கு ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் பிடிக்கும். பார்க்க ஒரு பெரிய வாளி நிறையத் தெரியும் தூள், அடைக்க அடைக்க எங்கே போகிறது என்றே தெரியாது.

மரத்தூள் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் வெட்டுத் துணியை அடைக்கலாம். சுத்தமான பருத்தித் துண்டுகளை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் கட்டி கட்டியாக நின்று, இஸ்திரியில் அச்சு விழும்.

மேல்துணி இரண்டு பக்கமும் இரண்டு விதம். ஒரு பக்கம் கெட்டியான காடா துணி. பருத்திக்கான அதிகச் சூட்டை, அதாவது இஸ்திரிக் குறியில் மூன்று புள்ளி இருக்கிறதே, சுமார் 200 டிகிரி, அதை இந்தப் பக்கம் தாங்கும். மறு பக்கம் கம்பளி. பட்டு, கம்பளித் துணி, மெல்லிய துணி எல்லாம் அந்தப் பக்கத்தில். கம்பளி எதற்கு என்றால், சாதாரணக் காற்றிலேயே அது தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தி அதில் ஏறக்குறையப் பாதிதான், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. கம்பளிப் பக்கத்தில் ஆவி கொஞ்ச நேரம் தங்குவதால் துணி பதமாக வளைந்துகொடுக்கும்.

நம் ஊரில் கம்பளி என்று விற்பதில் அக்ரிலிக்கும் நிறைய உண்டு. இரண்டு மூன்று இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அதை இதற்குத் தொடவே கூடாது. நான் கிழிந்த பழைய சால்வை ஒன்றைத்தான் வெட்டினேன். காடாவை முதலில் வெந்நீரில் நனைத்துச் சுருங்கவிட்டு, காயவைத்துப் பிறகு வெட்டுங்கள். சாயத் துணி வேண்டாம். ஆவியில் சாயம் இறங்கி ஒரு பட்டு பிளவுஸ் கெட்டுப்போனால் அந்தச் செலவை நினைத்தே மனசு ஆறாது.

வெட்டுவதற்கு நீளம் 14 அங்குலம், பெரிய முனைப் பக்கம் அகலம் 10, சின்ன முனைப் பக்கம் 7. கையால் முட்டை மாதிரி வரைந்தால் போதும். பெரிய முனையில் இரண்டு சின்ன டாட் பிடித்தால் குண்டாக நிற்கும். உள்ளுக்கு இன்னொரு காடா பை கட்டாயம் வையுங்கள், இல்லையென்றால் இழை இடுக்கில் தூள் கசிந்துகொண்டே இருக்கும். சின்னத் தையலாக வைத்து, சுற்றிலும் இரண்டு முறை ஓட்டி, சின்ன முனைக்குப் பக்கத்தில் நாலு அங்குலம் திறந்து விடுங்கள். அப்புறம் தூளைக் கரண்டியால் போட்டுப் போட்டு, மத்துக் காம்பால் இடித்து அடைக்க வேண்டும். கை வலிக்கும் வேலை, ஆனால் அவசரப்படாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, அதுதான் கணக்கு. கடைசியில் கோணி ஊசியும் கெட்டி பருத்தி நூலும் கொண்டு வாயைக் கைத்தையலில் மூடிவிடுங்கள்.

பயன்படுத்தும் முறை கொஞ்சம் பழக வேண்டும். பிரின்சஸ் கட்டில் நடுத்துண்டின் ஓரம் உள்வளைவு, அதில் குறுக்காகச் சின்ன வெட்டுகள் கொடுத்தால் விரிந்துகொடுக்கும். பக்கத்துண்டின் ஓரம் வெளிவளைவு, அதைத் திருப்பும்போது துணி மிஞ்சும், மிஞ்சுகிற இடத்தில் சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். முதலில் தையல் ஓரங்களை விரிக்காமல் அப்படியே ஒரு முறை தேய்த்து, பிறகு திண்டின்மேல் போட்டு, அந்த வளைவுக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி வைத்து, இரு ஓரங்களையும் இரு பக்கமும் விரித்து அழுத்துங்கள். பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும், இழுத்தால் வளைவு நீண்டுவிடும். ஆவிப் பெட்டி இல்லாதவர்கள் மல் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டுக்கொள்ளலாம், அதே பலன்தான். பட்டில் தண்ணீர்த் திட்டு விழும் என்பதால் ஆவியைக் குறைத்து, ஜரிகை உள்ள இடத்தை உள்பக்கமிருந்து, உலர்ந்த துணி போட்டுத்தான் தேய்க்கிறேன்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: தேய்த்த சூட்டோடு துணியை எடுக்கக் கூடாது. ஆறும் வரை திண்டின்மேலேயே இருக்க வேண்டும். சூடும் ஈரமும் போகும்போதுதான் இழை அந்த வடிவத்தில் நிற்கும். நான் ஒரு பக்கத்தை ஆறவிட்டுவிட்டு, அந்த நேரத்தில் பிளவுஸின் கையைத் தைத்து வைத்துவிடுவேன். கையின் மேல் வளைவைத் தோளில் பொருத்துவதற்கு முன்னாலும் இதன்மேல் வைத்து ஆவி காட்டினால் சுருக்கம் எல்லாம் உள்வாங்கி அழகாக உருண்டு வரும். இந்த ஒரு வேலையில் கிடைக்கும் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம் வந்தது.

நாள்பட்ட அனுபவத்தில் குறைகளும் உண்டு. முதல் வருடத்திற்குள் தூள் இறங்கி, பெரிய முனை தளர ஆரம்பித்தது. கைத்தையலைப் பிரித்து இன்னும் சில கைப்பிடி இடித்து அடைத்த பிறகு இன்றுவரை தளரவில்லை. மூடும் வாயை மெஷினில் ஓட்ட வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். காடா பக்கம் நடுவில் பழுப்பேறிவிட்டது, அடியில் கருகல் இல்லை. துணி நைந்துபோகும் அளவுக்கு வந்தால் அந்தப் பக்கம் மட்டும் புதுத்துணி மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய சோதனை. ஆவி வாங்கிய திண்டை அப்படியே அலமாரியில் வைத்தால் பூஞ்சை வாடை வரும். பிளாஸ்டிக் பையில் போடவே போடாதீர்கள். வேலை முடிந்ததும் காற்றாட வைத்து, துணிப்பையில் போட்டு வைக்கிறேன். மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் மொட்டை மாடிக்குப் போய்விடும். கம்பளிப் பக்கத்தைப் பூச்சி தொடாமல் இருக்கப் பையில் காய்ந்த வேப்பிலை போடுகிறேன், இதுவரை ஓட்டை விழவில்லை. துவைக்க முடியாது என்பது நிரந்தரக் குறை. அதனால் சாக் கோடு அழியாத துணியைத் திண்டில் போடும் முன் நடுவில் ஒரு மல் துணி.

சின்னக் குழந்தைகளின் சட்டைக் கைக்கு இந்த அளவு பெரிது. அதற்கு 8 அங்குல நீளத்தில் ஒரு குட்டித் திண்டு தனியாகச் செய்தேன். மிச்சத் தூளில் ஒரு நீளக் குழாய்த் திண்டும் ஆயிற்று. முழுக்கைச் சட்டையில் கைப்பகுதியின் தையல் ஓரங்களை விரித்துத் தேய்க்க அதை உள்ளே நுழைத்துக்கொள்கிறேன். மூன்றில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பெரியதையே செய்யுங்கள். பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு அதுதான் அன்றாடம் கைக்கு வரும்.