உப்புக்காற்றுக்கு எந்த யன்னல்?

வெள்ளவத்தையில் எங்கள் வீடு காலி வீதிக்குக் கடற்பக்கம். மேற்கு அறையின் பலாமர யன்னல்கள் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி வந்தன. கடைசியில் கீழ்ச்சட்டத்தைக் கறையான் முடித்துவிட்டது. "எல்லாத்தையும் மாத்து. அப்படியே விறாந்தையைக் கண்ணாடியால் அடைத்துச் சன்ரூம் ஆக்கி, மொட்டை மாடிக்குப் பிளாஸ்டிக் பலகையால் வினைல் டெக் போடு" என்று ரொறன்ரோவிலிருந்து அண்ணா படம் படமாக அனுப்பினார். அவர் வீட்டில் மூன்றும் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அது பனி கொட்டும் ஊர். எங்கள் தொல்லை மாலை வெயில், உப்பு, மே மாதம் பிறந்தால் கடலிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை.

முதலில் யன்னல் சட்டம். கொழும்பில் யாரைக் கேட்டாலும் அலுமினியம் என்பார்கள். விலை தோதானது, பழுதானால் பக்கத்து ஒழுங்கையிலேயே திருத்த ஆள் கிடைக்கும். கறள் பிடிக்காது என்பது மட்டும் பாதி உண்மை. சிவப்புக் கறள் வராது, வெள்ளைப் பொடி பூத்துச் சின்னச் சின்னக் குழியாக அரிக்கும். எங்கள் குசினி யன்னலுக்கு முன்பு வேலை செய்தவர் சாதாரண இரும்புத் திருகாணி போட்டிருந்தார். ஆணியும் கறளேறி, அதைச் சுற்றியிருந்த அலுமினியமும் பொரிந்துபோனது. உப்புநீர் நனைக்க இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பற்றறிதான். கடலோரம் என்றால் ஆணி 316 தரத் துருவேறா உருக்காக இருக்க வேண்டும், 304 கூடப் பழுப்பேறும். அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் மேலே காப்புப் படலம் ஏற்றிய) சட்டமானால் பூச்சு 25 மைக்ரோன் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவவும் வேண்டும், அதை யாரும் செய்வதில்லை.

யூபிவிசி என்கிற கடினப் பிளாஸ்டிக் சட்டத்தை உப்பு தொடாது. ஆனால் உள்ளே விறைப்புக்கு வைக்கும் இரும்புக்கும், பிணைச்சல், பூட்டுக்கும் அதே கதைதான். வெப்பத்தில் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும் என்பதால், மேற்கு வெயிலுக்குக் கடும் நிறம் வேண்டாம், வெள்ளையே போதும். உடைந்தால் ஒழுங்கை மேசனால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் இரட்டைக் கண்ணாடி. விற்பவர்கள் வெப்பக் கடத்தலைப் பற்றியே பேசுகிறார்கள். அலுமினியம் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு வெப்பம் கடத்தும் என்பது சரிதான். ஆனால் யன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் உள்ளும் வெளியும் ஒரே காற்று, அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. ஏசி அறைக்கு மட்டும் அது பொருந்தும். அங்கேயும் பெரிய பங்கு வெயில் நேரே கண்ணாடி வழியாக வருவதுதான். சாதாரணத் தெளிந்த கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும், இன்னொரு கண்ணாடி சேர்த்தாலும் பெரிதாகக் குறையாது. வெளியே ஒரு மறைப்பு அதைவிட அதிகம் செய்யும். தாழ்வாரம் மழையையும் நண்பகல் வெயிலையும் தடுக்கும். நாலு மணிக்குப் பிறகு சூரியன் தாழ்ந்து அதற்குக் கீழாலே வந்துவிடும், அப்போது தொங்கும் மூங்கில் தட்டிதான் உதவும்.

இழுக்கும் யன்னல் பாதிதான் திறக்கும். அதன் தண்டவாளத்தில் உள்ள வடிகால் துளை அடைத்தால் மழைநீர் அறைக்குள்தான். முழுதாகத் திறக்கும் பிணைச்சல் யன்னலுக்கே என் வாக்கு.

சன்ரூம் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. குளிர்நாட்டில் கிடைக்கிற கொஞ்ச வெயிலைப் பிடித்து வைக்கக் கட்டுவது அது. நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருந்துகொண்டு அதைக் கட்டினால் உள்ளே உட்கார ஏசி வேண்டும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் தன் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தது சின்னச் சின்ன முற்றங்களால். எங்களிடம் முற்றத்துக்கு இடமில்லை, விறாந்தைதான் உண்டு. அதற்குக் கிரில், நுளம்பு வலை, மூங்கில் தட்டி போதும். பக்கத்துத் தொடர்மாடி நாள் முழுக்க நிழல் போடும் வீடாக இருந்தால் கண்ணாடி அறை ஓரளவு சரிவரலாம். அப்போதும் மாநகர சபை அனுமதியை முதலில் பாருங்கள்.

டெக்கில் அண்ணாவோடு கொஞ்சம் வாக்குவாதம். மரம்போல உளுத்துப்போகாது, கறையான் வராது என்றார், உண்மைதான். ஆனால் அவர் செருப்போடு நடக்கிறார், நாங்கள் வெறுங்காலோடு. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பலகையில் கால் வைக்க முடியாது. மூன்று மீற்றர் பிவிசி பலகை இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 5, 6 மில்லிமீற்றர் நீளும், இடைவெளி விடாமல் அடித்தால் வளைந்து கிளம்பும். எனக்கு அதைவிடப் பயம் பலகைக்குக் கீழே. சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கும் வரும். சரிவு சரியாக விட்டு, வெளிர்நிறச் சொரசொரப்பு ஓடு பதித்தால் இவ்வளவு யோசனை தேவையில்லை.

கடைசியில் மேற்கே ஏசி அறைக்கு மட்டும் வெள்ளை யூபிவிசி, ஒற்றைக் கண்ணாடி. குசினிக்கு மறுபடி அலுமினியம், ஆணியை நானே வாங்கிக் கொடுத்தேன். கிழக்கே தாழ்வாரத்துக்குக் கீழிருக்கும் பலாமர யன்னல்களுக்குப் பெயின்ற் அடித்ததோடு சரி. சன்ரூம் எப்போது முடியும் என்று அண்ணா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.