விற்க மறுத்த கடை: தருமபுரியில் செடித் தொட்டிக்குக் கெளுத்தி வாங்கிய அனுபவம்

தருமபுரி நேதாஜி பைபாஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெயர்ப் பலகை கூட இல்லாத ஒரு வண்ணமீன் கடை இருக்கிறது. ‘மீன் கடை எங்கே’ என்று விசாரித்தால் குழம்பு மீன் விற்பவரிடம்தான் அனுப்பி வைப்பார்கள். ‘கலர் மீன் கடை’ என்று கேட்டால்தான் வழி கிடைக்கும். கடந்த ஓராண்டில் இங்கே நான்கு முறை மீன் வாங்கியிருக்கிறேன்; இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். இந்த மதிப்புரையை எழுத வைத்தவை அந்த இரண்டு முறைகள்தாம்.

என்னுடையது மூன்றடி நீளத் தொட்டி. கல்லையும் மணலையும் கழித்தால் ஏறத்தாழ 130 லிட்டர் நீர் கொள்ளும். பின்பக்கம் வாலிஸ்நேரியா, நடுவில் அமேசான் சுவார்டு, முன்பக்கம் கிரிப்டோகோரைன், கட்டையில் கட்டிய அனுபியாஸ் என்று செடிகளுக்காகவே வைத்த தொட்டி அது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் உள்ள கடையில், கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று தீர்த்துவிடும் என்று சொல்லி, ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் சக்கர் எனப்படும் மீனின் இரண்டங்குலக் குட்டி ஒன்றை 40 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும் இனம் என்பதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சாண் நீளம் ஆன பிறகு பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குருணைத் தீனிக்கு மட்டும் வந்து நின்றது. இரவில் வால் சுழற்றிய வேகத்தில் கிரிப்டோகோரைன் வேரோடு மிதந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன், வளர்க்க முடியாதவர்கள் விட்டதாலும் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகியிருக்கிறது என்பதால், ஏரியில் விடவும் மனம் வரவில்லை. கடைசியில் சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்கு அது குடிபெயர்ந்தது.

அந்த அனுபவத்தோடு இந்தக் கடைக்குப் போய், தொட்டியின் அடியில் மேயும் சிறு கெளுத்தி வகையான கோரிடோரஸ் ஆறு வேண்டும் என்றேன். விலையைச் சொல்வதற்கு முன் கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “அடியில என்ன மணல் போட்டிருக்கீங்கண்ணா?” எம்-சாண்ட் என்றேன், கல் குவாரிகள் நிறைந்த நம் பக்கத்தில் மூட்டைக் கணக்கில் எளிதாகக் கிடைப்பது அதுதானே. அவர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் இரண்டு டம்ளர்களை எடுத்து வந்தார். ஒன்றில் எம்-சாண்ட், மற்றொன்றில் சலித்துக் கழுவிய ஆற்று மணல். இரண்டிலும் என் விரல்களை விட்டு அளையச் சொன்னார். கருங்கல்லை உடைத்துச் செய்த மணல் விரல் நுனியில் நறநறவென்று உறைத்தது; ஆற்று மணல் வழுக்கிக்கொண்டு போனது. கோரிடோரஸ் நாள் முழுக்க மூக்கை மணலுக்குள் புதைத்து, வாயில் அள்ளிச் சலித்து, செவுள் வழியே வெளியேற்றும் மீன். அதன் மீசை கூர்மையான மணலில் தேயும். தேய்ந்த இடத்தில், அடியில் தங்கும் அழுக்கினால் புண்ணும் சேரும். மணலை மாற்றிவிட்டு வரச் சொல்லி, மீன் தராமல் அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை.

மணலை மாற்றிய மூன்று வாரங்களுக்குப் பிறகு போனபோது, நான் ஆசைப்பட்ட பாண்டா கோரிடோரஸைக் காட்டாமல், வெண்கல நிற வகையைக் கொடுத்தார். பாண்டா குளிர்ந்த நீரை விரும்புவது. சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டிகள் 30 பாகைக்கு மேல் போய்விடும். வெண்கல வகையோ ஓரளவு தாக்குப் பிடிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். ஸ்டெர்பாய் என்ற இன்னொரு கோரிடோரஸ் வகை இன்னும் நன்றாகச் சூட்டைத் தாங்கும், ஆனால் விலை அதிகம் என்று அதையும் மறைக்காமல் சொன்னார். வலையைத் தொடாமல், ஒரு குவளையால் ஒவ்வொன்றாக மொண்டு பையில் விட்டதையும் கவனித்தேன். இவற்றின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள் விறைத்து வலைக் கண்ணியில் சிக்கிக்கொண்டால், எடுக்கும்போது மீனும் காயப்படும், கையும் குத்துப்படும்.

தண்ணீர் விஷயத்திலும் அவருடைய யோசனை உதவியது. எங்கள் தெருவில் இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது. ஒன்று வாளியில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீர். மற்றொன்று, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டத்தின் காவிரித் தண்ணீர். இதில் குளோரின் உண்டு. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் ஏர் பம்ப் ஓட விட்டு வைத்து, போர் தண்ணீரோடு சரிபாதியாகக் கலந்து, வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கை மாற்றுகிறேன். கோரிடோரஸ் அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிப் போவது இயல்பு; அதன் குடலே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆனால் மே மாதத்தில் ஆறும் மாறி மாறி மேலே வரத் தொடங்கியபோது அது இயல்பு இல்லை என்று புரிந்தது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை இழுக்கும் என்பதால், விளக்கு அணைந்ததும் செடிகளுக்காகச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வால்வை மூடி, காற்றுக் கல்லை ஓட விட்டு, மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். இரண்டு பாகை இறங்கியது, மீன்களும் அடங்கின.

பாசியைத் தின்னும் சிறு கெளுத்தியான ஓட்டோசிங்கிளஸ் கேட்டுப் போனது அடுத்த முறை. தொட்டி வைத்து எத்தனை மாதம் என்று கேட்டார். மணல் மாற்றியதைச் சொன்னதும், கண்ணாடியிலும் இலையிலும் மெல்லிய பழுப்புப் படலம் படியட்டும் என்று மறுபடியும் திருப்பி அனுப்பினார். இவை பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருபவை. பயணத்திலேயே பட்டினி கிடந்து மெலிந்து வருவதால், பாசி இல்லாத புதுத் தொட்டியில் சில நாட்களிலேயே சாகும். இரண்டு மாதம் கழித்து ஐந்து கொடுத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது ஒவ்வொன்றின் வயிற்றையும் விரலால் சுட்டிக்காட்டி, உருண்டையாக இருந்தவற்றை மட்டுமே எடுத்தார். அப்படியும் முதல் வாரத்தில் இரண்டு போயின. மீதி மூன்றும் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த வெள்ளரித் துண்டைச் சுற்றி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பிரிஸ்டில்நோஸ் என்ற, சக்கரின் சிறிய உறவான கெளுத்தி ஒன்றும் அங்கேதான் வாங்கினேன். ஐந்தங்குலத்தில் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும் என்பதால் என் தொட்டிக்கு அது பொருந்தும்; ஆனால் பசித்தால் அமேசான் சுவார்டின் இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும். இதைக் கடைக்காரர் முன்கூட்டிச் சொல்லாதது ஒரு குறைதான்.

வேறு குறைகளும் உண்டு. எந்தத் தொட்டியிலும் பெயரோ விலையோ எழுதப்படவில்லை. ரசீது கிடையாது. கடையில் விற்கும் செடிகளில் நத்தை முட்டை இல்லாமல் நான் ஒருமுறைகூட வாங்கியதில்லை. கோரிடோரஸ் ஒன்று 70 ரூபாய் என்பது சென்னை கொளத்தூரில் வாங்குவதைவிடக் கூடுதல். ஆனால் சரக்கு வந்த நாளில் விற்காமல், பத்து நாள் தனித் தொட்டியில் வைத்துத் தீனி எடுக்கிறதா என்று பார்த்த பிறகே விற்கிறார் என்பதால், அந்தக் கூடுதல் பணம் எனக்கு உறுத்தவில்லை. ‘ஷார்க்’ என்று குழந்தைகள் கேட்கும், பெரிதாக வளரும் பங்காசியஸ் கெளுத்திக் குஞ்சுகளையும், சாயம் ஏற்றிய மீன்களையும் அவர் வாங்கி வைப்பதே இல்லை. வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து கேட்டபோது, கெளுத்தி இருக்கும் தொட்டியில் கல் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட வேண்டாம், மருந்தையும் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள் என்றார்.

மாலை நான்கு மணிக்கு மேல் போனால் அவரே இருப்பார். காலையில் இருக்கும் பையனுக்கு விலை மட்டும்தான் தெரியும். போகும்போது தொட்டியின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, அடியில் கிடக்கும் மணலில் ஒரு பிடியையும் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்பார்.