மதிப்பீடு 8,700 ரூபாய், பில் 29,854 ரூபாய்: யாழ்ப்பாணத்து முகவர் நிலையமொன்றின் சேர்விஸ்

யாழ்ப்பாண நகருக்குள் இயங்கும் மோட்டார் சைக்கிள் முகவர் நிலையமொன்றின் சேர்விஸ் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. வேலையின் தரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. கேளாமல் செய்த வேலைக்குக் காசு அறவிட்ட முறையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என்னுடையது இறக்குமதித் தடைக்கு முன் வாங்கிய 150 சிசி வண்டி. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறக்கப்பட்டதால், புதிது வாங்க வழியில்லாமல் இருந்ததைப் பேணிக்கொண்டே காலம் தள்ளியவர்கள் இங்கே ஏராளம். அந்த ஆண்டுகளில் போலி உதிரிப்பாகங்களால் பட்ட அனுபவம் காரணமாகவே, கொக்குவிலில் வழமையாகப் போகும் கராஜை விட்டு, அசல் சாமான் கிடைக்கும் என்று முகவரிடம் போனேன். காலையில் ஸ்ராட் பிடிக்கச் சுணங்குகிறது, முன் பிறேக் கீச்சிடுகிறது என்ற இரண்டு முறைப்பாடுகளைத்தான் சொன்னேன். சேர்விஸ் கூலி, ஒயில், ஒயில் பில்டர், முன் பிறேக் பாட் எல்லாம் சேர்த்து 8,700 ரூபாய் என்று, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜொப் கார்ட்டில் எழுதித் தந்தார்கள்.

மாலையில் நீட்டிய பில்லில் கிளச் பிளேற் தொகுதி, அதற்கான காஸ்கற், ஹாண்டில் திரும்பும் இடத்துப் பெயரிங்கான கோன் செற், எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் எஞ்சின் பிளஷ், நுகர்பொருட்கள் என்ற பெயரில் 650 ரூபாய், இவற்றுக்கு மேல் 18 வீதம் வற் வரியும் ஏறி, மொத்தம் 29,854 ரூபாயில் வந்து நின்றது. வரி சட்டப்படியானது, அதில் வழக்கில்லை. ஆனால் மதிப்பீட்டில் அதைக் காட்டாமல் விடுவது, வண்டியை விட வருபவரின் கண்ணுக்குத் தொகையைச் சிறிதாக்கிக் காட்டும் வேலை. காரணம் கேட்டபோது, "அண்ணை, கிளச் பிளேற் தேஞ்சு போச்சுது, மாத்தியாச்சு" என்று பொறுப்பாளர் சாதாரணமாகச் சொன்னார். என் கைபேசி இலக்கம் அதே ஜொப் கார்ட்டின் தலையில் எழுதப்பட்டிருந்தது.

கோன் செற் விடயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. முன் சில்லைத் தூக்கிப் பிடித்து ஹாண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கி நிற்பதை நானே சில காலமாக உணர்ந்திருந்தேன். நம் ஒழுங்கைகளின் குழிகளில் ஓடும் வண்டிக்கு அது அதிசயமும் அல்ல. கிளச் கதை வேறு. பிளேற் தேய்ந்து நழுவினால் அக்சிலேற்றரை முறுக்கும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடும், வேகம் அதற்கேற்ப ஏறாது. என் வண்டியில் அந்த அறிகுறி இருக்கவில்லை. கழற்றிய சாமானைக் காட்டுமாறு கேட்டதும், உதவியாளர் ஒருவர் பின்புறத்து பரல் ஒன்றுக்குள் கையை விட்டு, ஒயில் சொட்டச் சொட்ட ஒரு கட்டுப் பிளேற்றை எடுத்து வந்தார். தேய்ந்ததற்கான அடையாளம் என் கண்ணுக்குப் படவில்லை: உராய்வுப் பிளேற்றுகளில் வெட்டுக் கோடுகள் தெளிவாக இருந்தன. இரும்புப் பிளேற்றுகளில் சூட்டில் கருகிய நீல நிறமும் இல்லை. தடிப்பை அளந்து, தயாரிப்பாளர் விதித்த எல்லையோடு ஒப்பிட்டுத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும் என்றேன். அளந்த குறிப்பு எதுவும் ஜொப் கார்ட்டில் இல்லை. அந்தப் பிளேற்றுகள் என் வண்டியினுடையவைதாமா என்பதற்கும் அத்தாட்சி இல்லை.

முகாமையாளர் மரியாதையாகவே பேசினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எஞ்சின் பிளஷையும் நுகர்பொருட்களையும் நீக்கி 27,966 ரூபாயாகக் குறைத்தார். கிளச்சில் மட்டும் இறங்கி வரவில்லை. உதிரிப்பாக விலைகள் அவர் கையில் இல்லை என்பதும் உண்மை. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360 வரை போனபோது ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. இத்தனை விலை விற்கும்போது, பூட்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது முன்னரைவிட அவசியமாகிறது என்பதே என் வாதம்.

காத்திருக்கும் கூடத்தில் குளிரூட்டி உண்டு, தேநீரும் தருகிறார்கள். வேலைத்தளத்தைப் பார்க்கவென்று வைத்த கண்ணாடியை மட்டும் விளம்பரத் தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். ஸ்ராட்டிங் சுணக்கம் தீர்ந்துவிட்டது, பிறேக் சத்தமும் இல்லை, சொன்ன நேரத்துக்கு வண்டியையும் தந்தார்கள்.

போக நினைப்பவர்கள், மதிப்பீட்டுக்கு மேல் எந்த வேலையானாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும், கழற்றிய சாமான் எனக்கே வேண்டும் என்ற இரண்டையும் ஜொப் கார்ட்டில் எழுதுவித்த பின்னரே கையொப்பமிடுங்கள். பிணக்கு வந்தால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால் ஆறப்போடாதீர்கள். 1977 என்ற இலக்கத்திலும் விசாரிக்கலாம். நான் பில்லின் பிரதியையும் ஜொப் கார்ட்டின் பிரதியையும் இணைத்து, அளவீடு எதுவும் பதியாமல் கிளச் மாற்றியதை மட்டும் முறைப்பாடாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து செயின் ஸ்புறொக்கற் மாற்ற வேண்டியிருக்கிறது. சாமானை இவர்களுடைய விற்பனைப் பிரிவிலேயே பில்லோடு வாங்கி, கொக்குவில் கராஜில் பக்கத்தில் நின்று பூட்டுவிக்கப் போகிறேன்.