பள்ளிக்கான வலைப்பந்து செட்: பந்தை வாங்கலாம், கம்பத்தை வாங்காதீர்கள்

கோலாலம்பூர் விளையாட்டுப் பொருள் கடைகளில் வலைப்பந்துக்கு (நெட்பால்) வேண்டியதை மொத்தமாகச் சேர்த்து 'பள்ளி செட்' என்று விற்கிறார்கள். இரண்டு கம்பம், வளையம், வலை, நான்கு பந்து, இரண்டு நிறத்தில் ஏழேழு பிப் (ஆடும் இடத்தின் எழுத்தோடு ஜெர்சிக்கு மேல் போடும் மேலங்கி), ஒரு பம்பு, இரண்டு விசில். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இது வசதிதான். ஒரே ரசீது, ஒரே லோரி, பொருளாளருக்குத் தலைவலி இல்லை. தமிழ்ப்பள்ளி அணிக்காக அப்படி ஒரு செட்டைப் பிரித்து, அளவுநாடாவும் தராசும் வைத்துச் சோதித்ததன் முடிவு கீழே. கடையின் பெயர் வேண்டாம். இதே சரக்கு வேறு வேறு ஸ்டிக்கரோடு பல கடைகளில் கிடக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பந்து நல்லது. பிப் பரவாயில்லை, ஒரு திருத்தம் தேவை. கம்பம் போட்டிக்கு உதவாது, பயிற்சிக்கும் ஆபத்து. மிக அவசியமான ஒன்று செட்டிலேயே இல்லை.

எதை வைத்து நல்லது, கெட்டது என்கிறோம்? வேர்ல்ட் நெட்பால் வெளியிடும் விதிப்புத்தகத்தை வைத்து. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடைக்குப் போகுமுன் அதில் ஆடுகளம், உபகரணம் பற்றிய பக்கங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள். அந்தப் புத்தகத்தின் வேர் நமக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் இலங்கையில் கூடித்தான் இந்த ஆட்டத்துக்குப் பொது விதியும் ஒரு சர்வதேசச் சம்மேளனமும் உண்டாக்கினார்கள். அதற்கு முன்பு நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. நியூசிலாந்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் வைத்து ஆடினார்கள். ஆஸ்திரேலியாவில் அதன் பெயரே பெண்கள் கூடைப்பந்து. பொது விதி வந்த மூன்றாம் ஆண்டே, 1963இல், இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தது. பெண்கள் தாங்களே நிர்வகித்து வளர்த்த ஓர் ஆட்டம் இத்தனை நாட்டில் பரவியதற்கு முக்கிய காரணம், தேவைப்படும் பொருள்கள் குறைவு, அவற்றின் அளவுகள் கறார். பலகை கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு கம்பம், ஒரு வளையம், ஒரு பந்து. அந்த மூன்றும் சரியாக இருந்தால் செந்தூல் பள்ளித் திடலும் சிட்னி அரங்கமும் ஒன்றுதான். அதனால்தான் சில சென்டிமீட்டர் தவறுக்கு நாங்கள் இவ்வளவு அலட்டிக்கொள்கிறோம்.

கம்பத்திலிருந்து தொடங்குவோம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். செட்டில் வந்தது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரட்டைக் குழாய், மூன்று உயரத்தில் நிறுத்தலாம். உச்சத் துளையில் பின் போட்டு அளந்தால் மூன்று மீட்டரைக்கூட எட்டவில்லை. பெட்டியில் அச்சடித்த உயரம் இரண்டு குழாயின் நீளத்தையும் கூட்டி எழுதியது. உள்ளே நுழைந்து மறையும் பகுதியை யாரும் கழிக்கவில்லை! பயிற்சிக்குத்தானே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். கோல் போடும் பெண்ணின் கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் ஓர் உயரத்துக்குப் பழகும். மாவட்டப் போட்டியில் கம்பம் மாறும்போது அவள் பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பும். டீச்சர் அதைப் பதற்றம் என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது வளையம். உள்விட்டம் 38 செ.மீ., சரியாக இருந்தது. கம்பத்துக்கும் வளையத்துக்கும் இடையே 15 செ.மீ. இருக்க வேண்டும், அதுவும் சரி. கோளாறு பிடிமானத்தில். ஒரே ஒரு போல்ட் போட்ட கழுத்துப்பட்டைதான் முழு வளையத்தையும் தாங்குகிறது. பிள்ளைகள் துள்ளித் தொடத் தொட அது தளர்ந்து முன்பக்கம் தாழ்கிறது. அளவு ஐந்து பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 முதல் 22.6 செ.மீ. வளையத்தின் நடுவில் போனால் சுற்றிலும் ஏறக்குறைய 8 செ.மீ. இடம்தான் மிச்சம். முன்பக்கம் தாழ்ந்த வளையத்தில் தட்டையாக எறிந்த பந்தும் விழுந்துவிடும். சாயாமல் கிடையாக நிற்கும் வளையத்தில் அதே எறிதல் விழாது. ஆக, கெட்ட வளையம் கெட்ட எறிதலுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிவிடுகிறது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாரம் ஒரு முறை வளையத்தின் மேல் வைத்துப் பாருங்கள், முன்பின்னாகவும் குறுக்காகவும்.

எல்லாவற்றையும்விட மோசம் அடித்தளம். சக்கரம் வைத்த வட்டமான பிளாஸ்டிக் அடித்தளம், நடுவில் கம்பம். கம்பத்தின் பின்புறம் கோல் கோட்டின் வெளிவிளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும், அடித்தளம் ஆடுகளத்துக்குள் நீட்டக்கூடாது என்பது விதி. நடுவில் கம்பம் வைத்த வட்டத்தை எப்படித் திருப்பினாலும் பாதி ஆடுகளத்துக்குள்தான் இருக்கும். ஜி.எஸ். (கோல் போடுபவர்), ஜி.கே. (அவரைத் தடுப்பவர்) இருவரும் பந்தையே பார்த்துக்கொண்டு பின்னோக்கிக் காலெடுத்து வைக்கும் இடம் அதுதான். கணுக்கால் போக வேறு வழி தேட வேண்டாம். வலைப்பந்தில் மிகுதியாக அடிபடுவது ஏற்கனவே கணுக்கால்தான்.

என்ன செய்யலாம்? கம்பத்துக்கான பணத்தை இரும்புப் பட்டறைக்குக் கொடுங்கள். கேட்க வேண்டியது இதுதான். இரண்டரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். அதன் வெளிவிட்டம் 76 மி.மீ. வரும். விதி கேட்பது 65 முதல் 100 மி.மீ. வரை, பொருந்துகிறது. வளையத்துக்கு 15 மி.மீ. இரும்புக் கம்பி. வளையத்தைக் குழாயின் உச்சியில் நேரடியாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள், வளையத்துக்கு மேலே குழாய் துருத்தக்கூடாது. உச்சியை மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி அடியிலிருந்து அரிக்கும். பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்து துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். கறுத்ததைச் சுரண்டிவிட்டு துத்தநாகச் சாயம் இரண்டு பூச்சு அடித்து, அதன் மேல் வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மாலை மழைக்கு வெறும் வெள்ளைச் சாயம் தாங்காது.

திடலைத் தோண்ட அனுமதி இருந்தால், கம்பம் நுழையும் அளவுக்கு ஒரு குழாயைத் தரையில் கான்கிரீட்டோடு புதைத்து, அடியில் நீர் வடிய ஜல்லி போட்டு, மேலே மூடி வையுங்கள். சபைகூடலுக்கும் அதே இடம் என்றால் கம்பத்தை உருவி ஓரமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனியுங்கள், புதையும் நீளம் 3.05 மீட்டருக்கு மேல் கூடுதலாக வேண்டும். பட்டறைக்காரர் மறப்பது இதைத்தான். தோண்ட முடியாத இடத்தில் அடித்தளம் முழுவதும் கோட்டுக்குப் பின்னால் போகும்படி, கம்பத்தை அடித்தளத்தின் முன்விளிம்பில் நிறுத்தச் சொல்லுங்கள். பாரம் பின்னால் இருக்க வேண்டும். தண்ணீரைவிடக் காய்ந்த மணல் நல்லது. அதே கொள்ளளவில் எடை கூட, ஒழுகவும் ஒழுகாது. கம்பத்துக்குப் பஞ்சுறை போடுவதானால் அடியிலிருந்தே தொடங்க வேண்டும், தடிமன் 5 செ.மீ.யைத் தாண்டக்கூடாது.

பந்து நன்றாகவே இருந்தது. அளவு ஐந்து, சுற்றளவு 69 முதல் 71 செ.மீ., எடை 400 முதல் 450 கிராம் என்ற வரம்புக்குள் நான்குமே நின்றன. மேலே புள்ளி புள்ளியாக எழும்பிய ரப்பர் பிடி. வியர்த்த கைக்கு அதுதான் உதவும். வழவழப்பான தோல் பந்து அறைக்குள் ஆடுவோருக்குச் சரி, தார்த்தரையில் சீக்கிரமே உரிந்துவிடும். காற்று 11 முதல் 12 பிஎஸ்ஐ. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள், அளவுமானி உள்ள பம்பு வாங்குங்கள். செட்டில் வந்த பம்பில் அது இல்லை. ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் குத்துங்கள். உலர்ந்த ஊசி வால்வின் ரப்பரைக் கிழிக்கும், பிறகு பந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கார் பூட்டில் வைத்து வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து தையல் உப்பும். அந்தப் பந்து பிறகு நேராகத் துள்ளாது. அழுக்கானால் ஈரத்துணி போதும், நிழலில் உலர்த்துங்கள்.

ஆரம்பப்பள்ளிச் சிறுமிகளுக்கு அளவு நான்கு கைக்கு அடக்கமாக இருக்கும். உங்கள் மாவட்டப் போட்டியில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிரித்து வாங்குங்கள். நான்கு பந்து ஓர் அணிக்குப் பற்றாது. இரண்டு பேருக்கு ஒரு பந்து இருந்தால்தான் பந்து கைமாற்றும் பயிற்சி ஓடும்.

பிப்: எழுத்து 15 செ.மீ. உயரம், முன்னும் பின்னும், இடுப்புக்கு மேலே. அளவு சரி. ஆனால் எழுத்து சூட்டில் ஒட்டியது, தைத்ததல்ல. வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் ஓரம் தூக்கும். டபிள்யூ.ஏ. (விங் அட்டாக்) பிப்பில் 'ஏ' பாதி உரிந்தால் குறுக்கே நிற்கும் நடுவருக்கு அது டபிள்யூ.டி.யா (விங் டிஃபென்ஸ்) என்று சந்தேகம் வரும். யார் ஆடுகளத்தின் எந்த மூன்றிலொரு பகுதிக்குள் போகலாம் என்பதே அந்த எழுத்தைப் பொறுத்தது. வாங்கியதும் தையல்காரரிடம் கொடுத்து எழுத்தின் ஓரத்தை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள், பல வருடம் ஓடும். வெல்க்ரோ பிப் அழகாக இருக்கிறது, ஆனால் முடியும் தூசியும் சேர்ந்து ஒட்டாமல் போகும். பக்கவாட்டில் நாடா கட்டும் வகை வாங்குங்கள். முழுக்கை ஜெர்சிக்கு மேல் போடும் பிள்ளைகள் இருந்தால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

விசில் விசில்தான்.

இனி, செட்டில் இல்லாதது: ஆடுகளம். கோடு இல்லாமல் வலைப்பந்து கிடையாது. கூடைப்பந்து களத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும், நம்பாதீர்கள். கூடைப்பந்து களம் 28க்கு 15 மீட்டர், நமக்கு வேண்டியது 30.5க்கு 15.25. வாடகைக்கு எடுக்கும் உள்ளரங்கங்களிலும் இதே சிக்கல். முன்பணம் கட்டுமுன் சுற்றிலும் ஓட இடத்தோடு அளந்து பாருங்கள். கோடு போட ஒரு நீண்ட அளவுநாடா, நூல், சுண்ணாம்பு, வெள்ளைச் சாயம், இரண்டு ஆள் போதும். முதலில் ஒரு நீளக்கோடு, பிறகு இரு முனையிலும் குறுக்குக்கோடு. நான்கு மூலையும் செங்கோணமா என்று அறிய மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 34.10 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் களம் சாய்ந்திருக்கிறது, சாயம் அடிக்குமுன் திருத்துங்கள். நீளத்தை மூன்றாகப் பிரியுங்கள். கோல் கோட்டின் நடுப்புள்ளியில் ஆணி வைத்து 4.9 மீட்டர் கயிற்றால் அரைவட்டம், களத்தின் நடுவில் 45 செ.மீ. கயிற்றால் சிறு வட்டம். கோட்டின் அகலம் 5 செ.மீ.க்குள்.

நகவெட்டி ஒன்றும் வாங்கிப் பையில் போடுங்கள். ஆட்டத்துக்குமுன் நடுவர் கையைத் திருப்பிப் பார்ப்பார், நீண்ட நகத்தோடு உள்ளே விடமாட்டார். காலணிக்கு ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம். தூக்கிய குதிகாலோடு பக்கவாட்டில் நின்றால் கால் மடங்கும். பேட்மிண்டன் ஷூ உள்ளரங்குக்கு அருமை, தார்த்தரையில் அடிப்பாகம் சீக்கிரம் தேயும். அங்கே தடித்த அடிப்பாகம் உள்ள களஷூ எடுங்கள். குதித்து இறங்கும் முறையைச் சொல்லித்தர ஆஸ்திரேலிய நெட்பால் அமைப்பின் முழங்கால் பயிற்சித் திட்டம் இணையத்தில் இருக்கிறது, செலவில்லை.

இவ்வளவு செலவழிக்கத்தான் வேண்டுமா என்று சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்டால் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. காமன்வெல்த் போட்டியில் வலைப்பந்து முதன்முதலில் பதக்க ஆட்டமானது நம் கோலாலம்பூரில்தான், 1998இல். இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 42-39 என்று வென்றது. ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் 1995இலேயே கிடைத்தும் ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லை. சம்மேளனத்தின் மேல் எங்களுக்குள்ள பெரிய குறை அது. பழைய காமன்வெல்த் எல்லைக்கு அப்பால் ஆட்டத்தைக் கொண்டுபோவதில் வேகம் போதவில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எவ்வளவு தூரம் கதவு திறந்தது என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கமே சாட்சி. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லோரையும்விட அதிக கோல் போட்டவர் அவர்தான். அவர் உயரம் எல்லோருக்கும் வராது, சரியான கம்பத்தில் பழகும் வாய்ப்பாவது வரட்டும்.

கடையில் பேசும் விதம் பற்றி ஒரு சொல். செட்டைப் பிரித்துத் தரமாட்டோம் என்று முதலில் சொல்வார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை போட்ட விலைப்பட்டியல் பள்ளிக்கணக்குக்கு வேண்டும் என்று கேளுங்கள், இறங்கி வருவார்கள். "அண்ணே, கம்பம் எடுத்துருங்க, அந்தக் காசுக்கு ரெண்டு பந்தும் அளவுமானி பம்பும் போடுங்க" என்றால் பெரும்பாலும் நடக்கும். எப்படியும் கம்பத்தோடுதான் கிடைக்கிறது என்றால், லோரி பள்ளி வாசலை விட்டு நகர்வதற்குள் நிமிர்த்தி வைத்து 3.05 இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கையெழுத்து போட்ட பிறகு அந்தக் கம்பத்தைத் திருப்பி எடுக்க யாரும் வரமாட்டார்கள்.