ஒருமுறை ராக்கெட்டா, மறுமுறை ராக்கெட்டா? ஒரு பணிமனைக்காரனின் கணக்கு

மதுரையில் பட்டிமன்றம் என்றால் பேச்சுக்கு முன்னால் நோட்டீஸ் தயாராகிவிட வேண்டும். திருமங்கலம் சாலையில் ஒரு கல்லூரியின் அறிவியல் விழாவுக்காக நடுவர் போன் போட்டார். “அண்ணே, நீங்க எந்த அணின்னு இப்பவே சொல்லிருங்க, அச்சாபீஸ்லதான் நிக்கிறேன்.” விண்வெளியின் எதிர்காலம் ஒருமுறை பறந்து கடலில் விழும் ராக்கெட்டிலா, திரும்பி வந்து மறுபடி பறக்கும் ராக்கெட்டிலா என்பது தலைப்பு. நான் பஸ் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். யோசிக்காமல் இரண்டாவது அணி என்றேன். மேடையில் மணி அடிப்பதற்குள் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஒருமுறை ராக்கெட் எளிது. இறங்கக் கால் வேண்டாம், திரும்பி வர எரிபொருள் வேண்டாம். நம் பிஎஸ்எல்வி அந்த வகைதான். 2017 பிப்ரவரியில் ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விட்டது. இந்தப் பக்கம் அமெரிக்கத் தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9. அதன் பூஸ்டர், அதாவது முதல் அடுக்கு, 2015 டிசம்பரில் முதன்முதலாகச் செங்குத்தாக வந்து தரையில் நின்றது. இதற்கு விலை உண்டு. பூஸ்டர் போனால் போகட்டும் என்று விட்டால் தாழ்வான சுற்றுப்பாதைக்கு 22.8 டன் ஏற்றலாம். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் 17 டன் சொச்சம்தான். அப்படியும் மொத்தத்தில் மலிவு என்பதை எதிர் அணியே பெரிதாக மறுக்கவில்லை.

நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம், பராமரிப்பு. பூஸ்டர் இறங்குவதைப் பார்த்து எல்லோரும் கைதட்டுகிறார்கள். அப்புறம் அது மறுபடி புறப்பட எத்தனை நாள் ஆகிறது, எத்தனை பேர் கை வைக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் மொத்த லாப நஷ்டமும் இருக்கிறது.

எதிர் அணியில் ஓர் இயற்பியல் பேராசிரியை. சரியான இடத்தில் அடித்தார். “மறுமுறை பறக்கிறதை அமெரிக்காக்காரங்க முப்பது வருஷம் ஓட்டிப் பார்த்துட்டுத்தானே ஐயா நிறுத்தினாங்க?” உண்மைதான். ஆளை ஏற்றிப்போய் விமானம் மாதிரி வந்து இறங்கும் நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. வாரம் ஒன்று என்ற ஆசையோடு தொடங்கினார்கள். அதிகபட்சமாக முடிந்தது 1985-ல் 9 முறை. ஒரே ஷட்டில் ஒருமுறை கிளம்பியதிலிருந்து மறுபடி கிளம்ப, மிகக் குறைந்தபட்சம் 54 நாள் பிடித்தது. காரணம், அதன் உடம்பில் வெப்பம் தாங்கும் ஓடுகள் மட்டும் சுமார் 24,000. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்று செய்தது, ஒவ்வொன்றுக்கும் தனி எண். பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் பார்த்து, கெட்டதைப் பெயர்த்து, புதிதாக ஒட்ட வேண்டும். மூன்று பிரதான எஞ்சின்களையும் கழற்றிச் சோதிப்பார்கள். வெளியே இருக்கும் பெரிய டாங்க் ஒவ்வொரு முறையும் புதிது.

பஸ் டயரில் ரப்பர் தேய்ந்தால், மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங்குக்கு அனுப்புவோம். உள்ளே கேசிங், அதாவது டயரின் உடம்பு, நன்றாக இருந்தால்தான் அதில் காசு மிஞ்சும். கேசிங்கிலேயே வேலை என்றால் பேசாமல் புது டயர் வாங்கிவிடலாம். ஷட்டிலில் ஒவ்வொரு முறையும் கேசிங்கில்தான் வேலை பார்த்தார்கள். அது தோற்றதை வைத்து மறுபயன்பாடே தோற்றது என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

ஃபால்கன் 9 இதில் தப்பித்ததற்குக் காரணம், பாதியை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று விட்டதுதான். மேல் அடுக்கு இன்றைக்கும் ஒருமுறை சரக்குதான். பூஸ்டர் சுற்றுப்பாதை வரை போவதே இல்லை. சுமார் இரண்டரை நிமிடத்தில் தன் வேலையை முடித்து, மணிக்கு 8,000 கிலோமீட்டர் வாக்கில் போகும்போது பிரிந்துவிடுகிறது. ஷட்டில் வளிமண்டலத்துக்குள் நுழைந்த வேகம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர். வேகம் குறைந்தால் சூடும் பல மடங்கு குறையும், ஆயிரக்கணக்கில் ஓடு ஒட்டும் வேலையே கிடையாது.

எரிபொருள் மண்ணெண்ணெய் வகை என்பதால் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் கரி. படத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கரியோடேயே அடுத்த முறை ஏவுதளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு நம்பிக்கை வந்ததே அதைப் பார்த்துத்தான். பெயின்டுக்குச் செலவழிக்காத பணிமனை உருப்படும்.

முதன்முதலில் மறுபடி பறந்த பூஸ்டர் 2016 ஏப்ரலில் இறங்கி 2017 மார்ச்சில்தான் கிளம்பியது. ஏறக்குறைய ஒரு வருஷம். 2018-ல் வந்த ஃபால்கன் 9-ன் பிளாக் 5 வகையை, பெரிய வேலை எதுவும் பார்க்காமல் 10 முறை பறக்க வேண்டும் என்று குறி வைத்துச் செய்தார்கள். 2025-ல் ஒரு பூஸ்டர் 9 நாள் சொச்சத்தில் மறுபடி பறந்தது. இன்னொன்று 30 முறையைத் தாண்டிவிட்டது.

ஆனால் அந்த 9 நாளில் எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்ற ஜாப் கார்டை நாம் பார்க்கப் போவதில்லை. இரண்டு மூன்று முறை பறந்தாலே லாபம் என்கிறார் ஸ்பேஸ்எக்ஸின் ஈலான் மஸ்க். போட்டி நிறுவனமான யுஎல்ஏவின் தலைவராக இருந்த டோரி புருனோ, சராசரியாக 10 முறையாவது பறந்தால்தான் கட்டுப்படியாகும் என்றார். இருவருமே ராக்கெட் விற்றவர்கள், ஆகவே இருவர் பேச்சையும் பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். 30-ஐத் தாண்டிய பிறகு எந்தக் கணக்குப்படியும் போட்ட காசு திரும்பியிருக்கும்.

தனியார் வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்ற பேச்சும் மேடையில் வந்தது. அதை முழுசாக ஏற்க மாட்டேன். ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது முறைதான் ஜெயித்தது. அதே டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்கு 12 முறை சரக்கு கொண்டுபோக 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது நாசா, அதாவது அரசு. துணிச்சல் தனியாருடையது, நிலையான சவாரி அரசு கொடுத்தது.

இந்தச் சவாரிக் கணக்கில்தான் நம் ஊர் நிலவரத்துக்கு வரும்போது என் பிடி கொஞ்சம் தளர்கிறது. 2024-ல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் கிளம்பின. பெரும்பங்கு அவர்களுடைய சொந்த இணையச் சேவையான ஸ்டார்லிங்க்கின் செயற்கைக்கோள்களுக்கு. அதே வருஷம் இஸ்ரோ ஏவியது 5. அத்தனைக்கும் ஒரு பூஸ்டர் போதுமே, தொழிற்சாலை மற்ற நாளில் என்ன செய்யும்? ஐரோப்பாவில் ஏரியான் ராக்கெட் செய்யும் நிறுவனத்தின் தலைவரும் 2018-ல் கிட்டத்தட்ட இதே கவலையைச் சொன்னார். ஆனால் 2024 நவம்பரில் நம் 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை ஃபால்கன் 9-ல்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த எடை நம்மிடம் உள்ள பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3க்கு மேல். அதனால் சும்மாவும் இருக்க முடியாது.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம், எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கானது. எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள். பற்ற வைத்தால் வைத்ததுதான். இடையில் அணைத்து, மறுபடி மூட்டி, வேகத்தைக் குறைத்து இறக்க வழியில்லை. 500 கிலோ ஏற்றும் வண்டிக்கு அது போதும். அங்கே ஒருமுறை ராக்கெட்தான் சரி.

பெரிய வண்டி வேறு கதை. முதல் அடுக்கு திரும்பி வரும்படியான, இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ராக்கெட்டான என்ஜிஎல்விக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. தாழ்வான சுற்றுப்பாதைக்கு 30 டன் என்பது இலக்கு. மீத்தேன் எஞ்சின் என்பதால் கரி தொல்லையும் குறையும். அதற்கு வருஷா வருஷம் என்ன சரக்கு என்று கேட்டால், 2035-க்குள் கட்ட நினைக்கும் நம் விண்வெளி நிலையம்தான் இப்போதைக்குக் கண்ணில் படுகிறது. நிலையத்தின் பாகங்களை ஏற்றி முடித்த பிறகும் அந்தப் பூஸ்டர் ஷெட்டில் நிற்காமல் ஓட வேண்டுமென்றால், ராக்கெட் செய்யும் தனியாரோடு செயற்கைக்கோளைக் கொண்டுவரும் தனியாரும் நமக்கு நிறைய வேண்டும்.